எள் அரைப்பவர்கள்

நீகாத்தா நகரில் அன்று
பனியா மழையா என்று தீர்மானிக்காமலே
பெய்துகொண்டிருந்தது.
குடிநீர் வாரியத்தின் மூன்றாம் மாடியில்
மார்ச் மாத மாற்றல் பட்டியலை ஒட்டினார்கள்.
தொமொயேயின் பெயர் பழைய இடத்திலேயே இருந்தது,
பதினோராவது ஆண்டாக.
இசொபே தலைமையகம் போகிறான்.

நாம் காக்காய் பிடிப்பதை
அந்த ஊரில் எள் அரைப்பது என்கிறார்கள்.
அரைபடும் எள்
இன்ன இடம் என்றில்லாமல்
எங்கும் ஒட்டிக்கொள்வதால் வந்த பெயராம்.
இசொபே நன்றாக அரைப்பான்.
நுமாதா எள் என்று வாயெடுக்கும் முன்
எண்ணெயாய் நிற்பான்.
மேலாளர் நுமாதா தூண்டிலில் பிடித்த மீன்
இசொபேயின் கைபேசி முகப்பில்
இரண்டு வருஷமாய் வாய் பிளந்திருந்தது.
மீன் சின்னதுதான்.

ஏழரை மணிக்கு ரயிலடிக் கடையில்
கீரை ஒரு கட்டு, நூற்றெழுபத்தெட்டு யென்.
தண்டின் அடியில் இளஞ்சிவப்பு.
அந்தச் சிவப்பை நறுக்கி எறிகிறவர்களோடு
தொமொயேவுக்கு ஒத்துப்போனதே இல்லை.
இனிப்பு அங்கேதான் இருக்கிறது.
அடியைக் கீறி மண் போக அலசினாள்.
கொதிநீரில் முதலில் கால்களை மட்டும் நிறுத்தி
முப்பது எண்ணினாள்.
பிறகு இலைகளை அமிழ்த்தி
ஒன்று, இரண்டு என்று போய்
பத்துக்கு அடுத்த எண்ணில்
கொஞ்சம் நின்றுவிட்டாள்.
பச்சை மங்குவதற்குள்
அள்ளிக் குளிர்நீரில் போட்டாள்.

பிழிந்தாள்.
யாருடைய கழுத்தையோ நினைத்துக்கொண்டு பிழிந்தாள்
என்று எழுத எனக்கும் ஆசைதான்.
அவள் கீரையைத்தான் நினைத்தாள்.
சோயா சாஸ் கொஞ்சம் தெளித்து
இன்னொரு தரம் பிழிந்தாள்.
நீர் தங்கிய கீரையில் ருசி தங்காது.
இரு விரல் நீளத்துக்கு நறுக்கி
ஓரமாய் வைத்தாள்.

இனி எள்.
வாணலியில் மூன்று மணிகள் துள்ளி
அடுப்புக்கு வெளியே விழுந்ததும் அணைத்தாள்.
உட்புறம் முழுக்கச் சீப்பால் வாரியதுபோல்
வரிவரியாய்க் கோடு போட்ட மண்சட்டி,
வழுக்காமலிருக்க அடியில் ஈரத்துணி,
மேலே ஒரு கை, கீழே ஒரு கை,
நடுவில் மரக்குழவி.
கொரகொரவென்று சட்டி பேசத் தொடங்கியது.
முதலில் வாசம்,
அப்புறம் இன்னும் பெரிய வாசம்.
சுவருக்கு அந்தப் பக்கம்
தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.
அவளும் கூட்டினாள்.

வாழ்நாளில் எவ்வளவு எள் அரைத்திருக்கிறாள்!
எல்லாம் கீரைக்கும் அவரைக்கும்.
நுமாதாவின் மீனைப் பார்த்து
“எத்தனை சென்டிமீட்டர்?” என்று மட்டும் கேட்டவள் அவள்.

பாதி மாவு, பாதி முழு மணி.
இங்கே நிறுத்த வேண்டும்.
இன்னும் நாலு சுற்று போனால்
எள் எண்ணெயாகிவிடும்.
நிறுத்தினாள்.
சர்க்கரை ஒரு கரண்டி, சோயா ஒரு கரண்டி.
ஈர மணல் மாதிரி சேர்ந்து வந்தது.

அப்போது கைபேசி ஒளிர்ந்தது. இசொபே.
“மன்னிக்கவும், இந்த நேரத்தில்.
தலைமையகத்துப் புது மேலாளருக்கு மீன் பிடிக்காதாம்.
வேறு என்ன பிடிக்கும், உங்களுக்குத் தெரியுமா?”

தொமொயே துணியில் விரல் துடைத்தாள்.
அந்த மேலாளரை அவள் பார்த்ததே இல்லை.
“பாம்பு வளர்க்கிறார்” என்று எழுதி
யோசிக்காமல் அனுப்பினாள்.

கீரையைச் சட்டியிலேயே போட்டுப் புரட்டினாள்.
புரட்டியதும் சாப்பிட வேண்டும்,
காத்திருந்தால் நீர் விட்டுக்கொள்ளும்.
சாப்பிட்டாள்.
சிவப்புத் துண்டுகளைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்து
அதையும் சாப்பிட்டாள்.

சட்டியின் கோடுகளுக்குள்
இன்னும் எள் ஒளிந்திருந்தது.
குச்சியால் நோண்டினால் வராது, தண்ணீருக்குக் கொடுக்க மனமில்லை.
சுடுசோறு ஒரு பிடி எடுத்து உள்ளே போட்டு
சுற்றிலும் ஒற்றி ஒற்றித் துடைத்து,
சோறு பழுப்பாகி மணக்க,
நின்றபடியே வாயில் போட்டாள்.

கைபேசி மறுபடி ஒளிர்ந்தது.
“என்ன வகைப் பாம்பு?”

வாய் நிறையச் சோறு.
பதில் சொல்ல முடியவில்லை.